காந்தியடிகள் நினைவு வெள்ளி நாணயம்

நாணயம் கொடுக்கல் வாங்கலுக்குரிய கருவி மட்டுமன்று. அதனை வெளியிடும் அரசு எதனைப் போற்றுகின்றது என்பதற்குச் சான்றுமாகும். பாண்டியர் தம் காசிற் கயலைப் பொறித்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியையும் ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். ஆங்கிலேயராட்சியில் முடிமன்னரின் தலையே அவ்விடத்தைப் பெற்றது. 1950இல் இந்தியா குடியரசானதும் மன்னர் தலை நீங்கி, அசோகரின் சிங்கமுடி இடம்பெற்றது. முடிபுனையாத் தலைவர் ஒருவரின் உருவம் அக்குடியரசின் நாணயத்தில் முதன்முதல் வந்தது, நேரு மறைந்த 1964ஆம் ஆண்டிலாகும்.

காந்தியடிகளின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 1969இல் வெளிவந்த பத்து ரூபா நாணயம் 34 மில்லிமீற்றர் விட்டமும் 15 கிராம் நிறையும் உடையது. அதன் நிறையில் 80 சதவீதம் வெள்ளி. ஒருபுறம் அடிகளின் பக்கத்தோற்றமும் 1869–1948 என்னும் ஆண்டுகளும் உள. மறுபுறம் சிங்கமுடியும் பெறுமதியும் உள.

பக்கத்தோற்றத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. நாணயத்தின் புடைப்பு அதன் விளிம்பினும் உயர்தலாகாது. உயரின், நாணயங்கள் ஒன்றன்மேலொன்று நிலையா. நேர்முகத்தைப் பொறித்தால் மூக்கே முதலிற் றேயும். பக்கத்தோற்றத்திலோ நெற்றியும் மூக்கும் மோவாயும் ஒரே கோட்டில் அமைய, தேய்ந்தபின்னும் ஆளை அறியலாம். மன்னர் உருவத்துக்கு முடியும் அணியும் துணைநிற்கும். அடிகளுக்கு அத்துணை இல்லை; மழித்த தலையும் அகன்ற செவியுமே அடையாளம்.

வெள்ளியின் அளவும் சிந்திக்கத்தக்கது. இந்நாணயத்திலுள்ள தூய வெள்ளி 12 கிராம். பழைய ஒரு ரூபா நாணயத்திலோ ஏறத்தாழ 10.7 கிராம் இருந்தது. ரூபாவின் வெள்ளி 1940இற் பாதியாகக் குறைந்தது. 1947இல் அதன் இடத்தை நிக்கல் பெற்றது. முன்னர் ஒரு ரூபா தாங்கிய வெள்ளியைச் சற்றே விஞ்சியதே பின்னர்ப் பத்து ரூபா தாங்கியது.

1927இல் இலங்கைக்கு வந்தபோதும் கதர்ப்பணிக்கென நிதி திரட்டிய அவ்வெளிய மனிதருக்கு வெள்ளி நாணயம் பொருந்துமோ என ஐயுறலாம். பெட்டகத்திற் பேணப்படுவதே வெள்ளியின் இயல்பு. ஆயின், அதே ஆண்டில் 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபா ஆகிய நாணயங்களும் அவருருவோடு மலிந்த உலோகங்களில் வெளிவந்தன. வெள்ளி நாணயம் நினைவைப் பேணியது. சில்லறையோ அந்நினைவைச் சந்தைக்கும் குடிசைக்கும் கொண்டுசென்றது. அடிகளின் வாழ்வுக்குப் பெரிதும் இயைந்தது பின்னையதே எனலாம்.