நிரல்மொழியும் தமிழ்ச் சொல்லொழுங்கும்

ஹட்டனில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் கற்கும் மாணவர், பைத்தன் மொழியில் ஒரு சார்பை 'டெஃப்' என்றே தொடங்க வேண்டும். 'வரையறு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. சார்பு என்பது, ஒருமுறை பெயரிட்டு எழுதி, வேண்டும்போதெல்லாம் அழைக்கும் கட்டளைத் தொகுதியாகும்.

முத்து அண்ணாமலை 2007 இல் உருவாக்கத் தொடங்கிய 'எழில்' மொழியில் அதே அறிவிப்பு 'நிரல்பாகம்' எனத் தொடங்கி, விடையைப் 'பின்கொடு' எனத் தந்து, 'முடி' என நிறைவுறுகிறது. நிபந்தனையை முன்வைத்து 'ஆனால்' என்பதைப் பின்வைக்கும் எழில், தமிழின் சொல்லொழுங்கையும் மதிக்கிறது. எனினும், சார்பு அறிவிப்பில் ஆங்கில வழக்கைப் போன்று அடையாளச் சொல்லே முதலில் நிற்கிறது.

பரீட்சைக்குப் பைத்தன் அவசியமே. ஆனால், தருக்கத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு 'டெஃப்' வெறும் மனனச் சொல்லாக இராது. எழிலை முதற்படியாக்குவது குறித்து மலையக ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டும்.