இதய மறுவாழ்வுப் பரிந்துரையில் மருத்துவப் பணியாளர்களின் மனப்பாங்கு: புதூர் கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மாரடைப்புக்குப் பின் நோயாளியை அன்றாட வாழ்வுக்குத் திருப்பும் முறையான சிகிச்சையே இதய மறுவாழ்வு. கண்காணிப்புடன் கூடிய உடற்பயிற்சி, உணவு நெறி, புகையிலையைக் கைவிடுதல், மனநல ஆதரவு ஆகியன இதன் கூறுகள். 14,486 நோயாளிகள் பங்கேற்ற 63 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு (2016), இப்பயிற்சியால் இதயநோய் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. எனினும் உலகெங்கும் இதற்குப் பரிந்துரைக்கப்படுவோர் குறைவே. இதில் மருத்துவப் பணியாளர்களின் மனப்பாங்கு வகிக்கும் பங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

பரிந்துரை தவறும் இடம்

பயிற்சியின் பயனில் ஐயம், நேரமின்மை, பிறர் பரிந்துரைப்பர் என்னும் எண்ணம், தொலைவில் உள்ளவர் வரமாட்டார் என்னும் முன்முடிவு ஆகியன முதன்மைத் தடைகள். இவற்றுள் இறுதியானது நோயாளியைக் கேளாமலே அவருக்காக எடுக்கப்படும் முடிவாகும். கனடாவின் ஒண்டாரியோ மாநில மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வு (2011) இங்குக் கருதத்தக்கது. மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்பட்டபோது 32 விழுக்காட்டினரே பரிந்துரைக்கப்பட்டனர். பரிந்துரையைத் தானியங்கு முறையாக்கி, பணியாளர் ஒருவர் நோயாளியிடம் நேரில் பேசியபோது அது 86 விழுக்காடாயிற்று. எனவே, மனப்பாங்கு மாறும்வரை காத்திராமல் நடைமுறையையே மாற்ற இயலும்.

கரிசல் வட்டாரச் சூழல்

தூத்துக்குடி மாவட்டத்தின் புதூர், கோவில்பட்டி பகுதிகள் மானாவாரி நிலங்கள். கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் முதலியன மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. இங்கு "ஓய்வெடுங்கள், பாரம் தூக்காதீர்கள்" என்னும் அறிவுரை தொடக்க வாரங்களுக்குப் பொருந்தும். அதற்குக் கெடு குறிக்கப்படாவிடில், விதைப்புப் பருவத்தை இழக்கும் உழவர் ஓராண்டு வருவாயையும் இழப்பார். அல்லது அறிவுரையைப் புறக்கணித்து, அளவறியாமல் உழைப்பார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதுகாப்பான வழியே மறுவாழ்வுப் பயிற்சி.

இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் நிகழ்ந்த யோகா-கேர் ஆய்வு (2020), 12 வாரங்களில் 13 அமர்வுகள் கொண்ட யோகப் பயிற்சியைச் சோதித்தது. மறுமாரடைப்பு, இறப்பு முதலியவற்றில் உறுதியான குறைவு நிறுவப்படவில்லை. ஆயினும் நோயாளிகள் முன்பு செய்த பணிகளுக்குத் திரும்புவது மேம்பட்டது. விலையுயர்ந்த கருவிகளின்றியும் பயிற்சி அளிக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்கின்றனர். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசேர்த்தது. முதல் மருந்து ஊருக்கு வந்தது போலவே, பிந்தைய பயிற்சியும் வீட்டுக்கு வரலாம்.

முடிவுரை

தொலைவைக் காரணம் காட்டிப் பரிந்துரையைத் தவிர்ப்பது நோயாளியின் தெரிவுரிமையைப் பறிப்பதாகும். மருத்துவமனையை விட்டுச் செல்வோருக்கு வழங்கப்படும் குறிப்பேட்டில், மருந்தின் அளவைப் போலவே நடையின் அளவும், வேலைக்குத் திரும்பும் காலமும், வீட்டில் பயிற்சியளிப்பவர் விவரமும் இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறாயின், பரிந்துரை தனியொருவரின் மனப்பாங்கைச் சார்ந்திராமல் சிகிச்சையின் இயல்பான பகுதியாகும்.