டேங்க்குக்குள்ள ஒரு தாதா... ஆப்பிரிக்கன் சிக்லிட் ஏன் இப்படி அடிச்சுக்குது?

கடையில் பார்க்கும்போது மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கடல் மீன் மாதிரி ஜொலிக்கும். ஆசையாக நாலு கலரில் நாலு மீன் வாங்கிட்டு வந்து ரெண்டடி தொட்டியில் விடுவீர்கள். முதல் நாள் எல்லாம் சமத்தாக நீந்தும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்று மட்டும் ராஜா மாதிரி சுற்றும். இன்னொன்று வால் கிழிந்து, நிறம் மங்கி, ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 'ஏதோ நோய்' என்று மருந்து வாங்க ஓடுவதற்கு முன் கொஞ்சம் கவனியுங்கள். அது அடி வாங்கிய மீனாகவும் இருக்கலாம்!

ஏன் இவ்ளோ கோபம்?

நம் கடைகளில் கிடைக்கும் ஆப்பிரிக்கன் சிக்லிட்களில் பலவற்றின் பூர்வீகம், மலாவி ஏரி. அதன் கரையோரப் பாறைகளில் வாழும் வகைகளுக்கு 'ம்பூனா' என்று பெயர். பாறையில் படரும் பாசிதான் சாப்பாடு, பாறை இடுக்குதான் வீடு. தன் இடத்தைக் காப்பாற்றும் ஆணுக்குத்தான் ஜோடி கிடைக்கும். அதனால் சண்டை அதன் பிழைப்பு. ஏரியில் தோற்ற மீன் தூரமாக ஓடிவிடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடும்? பிரச்னையே அங்கேதான்.

கலரே பதவி!

டாங்கனிக்கா ஏரிப் பகுதியைச் சேர்ந்த 'பர்ட்டோனி' என்ற சிக்லிட்டில், ஆதிக்கம் செலுத்தும் ஆண் பளிச்சென்று இருக்கும். அடங்கிப்போகும் ஆண் மங்கலாக இருக்கும். தாதாவை வெளியே எடுத்தால், அடங்கியிருந்தது சில நிமிடங்களிலேயே நிறம் மாறி அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மீனை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மற்ற ஆண்களின் சண்டையை ஓரமாக இருந்து பார்த்த மீன், நேரடியாக மோதிப் பார்க்காத இரண்டு மீன்களில் யார் பலவீனம் என்பதைச் சரியாகக் கணித்தது. பலமானதைத் தவிர்த்து, பலவீனமானதன் பக்கமே அதிக நேரம் இருந்தது. ஆக, உங்கள் டேங்க்கில் யார் யாருக்குப் பயப்படணும் என்ற லிஸ்ட் மீன்களுக்குத் தெரியும்!

அடாவடிக்குள் ஓர் அம்மா

ம்பூனா பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். சுமார் மூன்று வாரங்களுக்குச் சாப்பாடே கிட்டத்தட்ட கிடையாது. தாடை உப்பி, தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்தால் பயப்படாதீங்க. தனித் தொட்டிக்கு மெதுவாக மாற்றினால் போதும்.

சண்டையைக் குறைக்க...

* குறைந்தது நாலடி தொட்டி வேண்டும். நிறைய கற்களை அடுக்கி, மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமான பொந்துகள் அமையுங்கள்.

* ஒரே இனத்தில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருக்கட்டும். ஒரே நிறத்தில் இரண்டு ஆண்கள் வேண்டாம்.

* மூன்று, நாலு மீன் மட்டும் இருந்தால் அடியெல்லாம் ஒன்றின் மேலேயே விழும். கொஞ்சம் கூட்டமாக வளர்த்தால் கோபம் பகிரப்படும். ஆனால், நல்ல ஃபில்டரும் வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம்.

* புது மீன் விடும்முன் கற்களை இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் கலைந்து, எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுவது நல்லது.

* தாதாவை சில நாள்கள் தனியாக வைத்து, பிறகு திரும்ப விடுங்கள். கெத்து குறைந்திருக்கும்.

* கோல்டு ஃபிஷ், ஏஞ்சலோடு சேர்க்கவே கூடாது.

* பாசி தின்னும் ம்பூனாக்களுக்குப் புழு, இறைச்சித் தீனி அதிகமானால் வயிறு வீங்கி இறந்துபோகலாம். ஸ்பைருலினா கலந்த தீனி போதும்.

ஏரியில் விடாதீங்க!

'சமாளிக்க முடியலை' என்று பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். நம் ஊர் ஜிலேபி கெண்டையும் ஓர் ஆப்பிரிக்கன் சிக்லிட்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று குளம், ஏரி எங்கும் பெருகி நாட்டு மீன்களோடு போட்டி போடுகிறது. முடியாதபோது, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை மீன் கடைக்குப் போனால், 'எந்த கலர்?' என்று கேட்பதற்கு முன், 'இது யாரோட ஒத்துப்போகும்?' என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்!