வரிசையில் நிற்போர்க்கு உணவு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பொதுத் தேர்தல் செவ்வாய்க்கிழமையன்று நடைபெறுவது வழக்கம். 1845-ஆம் ஆண்டுச் சட்டம் அங்ஙனம் விதித்தது. ஞாயிறன்று ஆலய வழிபாட்டை முடித்துக்கொண்டு, மறுநாள் வண்டி பூட்டிப் புறப்படும் உழவர், செவ்வாயன்று வாக்களித்து ஊர் திரும்பலாம் என்பது அக்காலத்தார் கண்ட சௌகரியம். உழவருக்கு ஏற்ற அந்நாள் இன்று கூலிக்காரருக்கு ஏற்றதாக இல்லை. நாடு முழுமைக்கும் அன்று விடுமுறையும் கிடையாது.

சில மாநிலங்களில் முன்கூட்டியே வாக்களிக்க நாட்கள் ஒதுக்கியுள்ளனர். ஜார்ஜியா மாநிலத்தில் 2020 அக்டோபர் 12-ஆம் தேதி அத்தகைய முதல் நாள். அட்லாண்டா நகரை அடுத்த சில சாவடிகளில் மக்கள் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றனர். உண்ணச் சென்றவர் இடத்தை இழப்பார். இடத்தை இழந்தவர் பலர் வீடு திரும்பிவிடுவர்.

இக்குறையைப் போக்கத் தொண்டர் கூட்டங்கள் முன்வந்தன. 2016-இல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டு நகரில் சில நண்பர்கள் தொடங்கிய முறை நம் அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்கது. வரிசை நீண்டிருப்பதாக ஒருவர் தெரிவித்தால், அச்செய்தியைச் சரிபார்த்து, அச்சாவடிக்கு அருகிலுள்ள கடையிலிருந்தே பீட்சா அனுப்புவிப்பர். நன்கொடையே மூலதனம். சொந்தச் சமையற்கூடமோ, கிடங்கோ தேவைப்படவில்லை. கணக்குப் பார்க்கும் நமக்கு இச்சிக்கனம் மிகவும் பிடித்தது. 2020-இல் சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸ் நிறுவிய அமைப்பும் உள்ளூர் உணவகங்களைக் கொண்டு வாக்காளருக்கு உணவளித்தது.

வாக்களிப்பதற்குக் கைம்மாறாகப் பொருள் கொடுத்தல் அந்நாட்டிலும் குற்றமே. ஆகவே தொண்டர், 'வாக்களிக்க வந்தீரா' என்று வினவாமல், உடன் வந்த குழந்தைக்கும், காவலருக்கும், வழிப்போக்கருக்கும் ஒன்றுபோல் கொடுத்தல் வேண்டும். கட்சிச் சின்னம் அணிதல் ஆகாது. ஒரு கையில் பிடித்து நின்றபடியே உண்ணத்தக்க பண்டமே உகந்தது. வரிசையின் கடைசியிலிருந்து வழங்கத் தொடங்குவது நியாயம் என்பது நம் கருத்து. நெடுநேரம் நிற்க வேண்டியவர் அவரன்றோ?

2021 மார்ச்சு 25-ஆம் தேதி ஜார்ஜியாவில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. வாக்குச் சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்கும் எந்த வாக்காளரிடமிருந்தும் 25 அடிக்குள்ளும் எவரும் உணவோ, தண்ணீரோ வழங்கலாகாது என்றது அது. விருந்தின் பெயரால் வாக்கு வாங்கப்படும் என்பது கூறப்பட்ட அச்சம்.

அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். சங்கத் தேர்தல் ஒன்றில், உணவுப் பொட்டலத்தினுள் வேட்பாளரின் துண்டறிக்கை மடித்து வைத்திருக்கக் கண்டோம். ஊரின் பெயர் வேண்டா. ஆனால் துண்டறிக்கையைத் தடுப்பது வேறு, உணவைத் தடுப்பது வேறு. மேலும், எட்டு மணி நேர வரிசைக்குப் பரிகாரம் சாவடிகளையும் ஊழியரையும் பெருக்குவதேயன்றி, பீட்சா அன்று.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2023 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், 150 அடிக்கு அப்பால் அந்த 25 அடி விதியை அமல் செய்யாதவாறு இடைக்காலத் தடை விதித்தார். வரிசை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தொலைவும் அவ்விதியும் நீண்டுகொண்டே சென்றதல்லவா! 150 அடி எல்லைக்குள் தடையை அவர் நிறுத்தவில்லை. அவ்வெல்லைக்குள் அச்சட்டமே ஒன்றை அனுமதித்திருந்தது: தேர்தல் அலுவலர் தண்ணீர்ப் பாத்திரம் வைக்கலாம், அருகில் எவரும் நின்று வழங்காமல், வேண்டியவர் தாமே எடுத்துக் குடிக்கலாம்.