உஷார்! திருவனந்தபுரம் கடற்கரைக்கு ஒரு நாள் டூர் கிளம்புகிறீர்களா?

விடியற்காலை பத்மநாப சுவாமி தரிசனம். அடுத்தது மிருகக்காட்சி சாலை. மதியம் மீன்கறியோடு கேரளச் சாப்பாடு. நாலு மணிக்குக் கோவளம், அப்படியே விழிஞ்ஞம். இருட்டியதும் வண்டி ஏறினால் நடுராத்திரிக்குள் வீடு. நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசிக்காரர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அந்த நாலு மணிக் கணக்கில் கொஞ்சம் நில்லுங்கள்.

உயிர் போவது அங்கேதான்!

தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம், பட்ட வேதனை போதும். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதுப் பையன், அம்மாவின் தம்பி என்று ஒரே காரில் போயிருக்கிறார்கள். கோவளம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. கரையில் சிவப்புக் கொடி. தண்ணீரில் காலை வைத்ததுமே லைஃப் கார்டு விசில் ஊதி விரட்டியிருக்கிறார். “இவ்வளவு தூரம் வந்துட்டு கால் நனைக்காம போறதா?” என்று பையனுக்கு முகம் வாடிவிட்டது. சரி, கொஞ்சம் தள்ளிப் போவோம் என்று பாறைகள் இருக்கும் பக்கம் நடந்திருக்கிறார்கள். அங்கே கொடி இல்லை. விசில் ஊத ஆளும் இல்லை. கடலும் அமைதியாகவே இருந்திருக்கிறது. அம்மாவும் பையனும் பாறை மேல் ஏறி நிற்க, அப்பா போட்டோ எடுத்திருக்கிறார்.

மூன்றாவது போட்டோவில் அவர்களுக்குப் பின்னால் அலை எழுந்து நிற்கிறது. நாலாவது போட்டோவில் பாறை மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பாறைகளில் சிப்பி அப்பிக் கிடக்கும். விளிம்பு ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. அம்மாவின் முழங்கையிலிருந்து விரல் வரை கிழிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சிப்பியைப் பிடித்துத்தான் தப்பினார். பையனை வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கயிறோடு குதித்து மீட்டார். அக்கா மகன் தண்ணீரில் கிடக்கிறானே என்று யோசிக்காமல் குதித்த தாய்மாமனைத்தான் மீட்க முடியவில்லை. அவருக்கு ஊர்க் குளத்தில் நீச்சல் தெரியும். கடலுக்கு அது போதவில்லை.

அன்று வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்றடித்தால், மழை பெய்தால் கடல் பொங்கும். வெயில் அடித்தால் கடல் சும்மா இருக்கும். நம்மில் பலர் இப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம். இது தவறு. உயிரை வாங்கும் தவறு! இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் வீசும். அது கிளப்பிவிடும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் வந்து மோதும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் ஏறி வரும்.

2024 மார்ச் 31 அன்று அதுதான் நடந்தது. சுமார் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால், தென் அட்லாண்டிக்கில் ஒரு வாரத்துக்கு முன்பு உருவான காற்றழுத்தத் தாழ்வு, தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்து அங்கிருந்து அனுப்பிய அலைகள் அவை. பூந்துறை, அஞ்சுதெங்கு, பொழியூர் என்று திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அது நடந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. படித்த பிள்ளைகள்தானே என்று கடல் பார்க்கவில்லை.

எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் அறிவிப்பை வெளியிடுகிறது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சொல்கிறது. மலையாளச் செய்திகளில் ஓடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு ஊரிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும் நமக்குத்தான் அது எட்டுவதில்லை. கிளம்புமுன் கோயில் நடை திறக்கும் நேரத்தைப் பார்க்கிறீர்கள் அல்லவா? கடல் எச்சரிக்கையையும் ஒருமுறை பாருங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

ஒரு நாள் டூரின் பெரிய ஆபத்து அலை கூட இல்லை. அவசரம்! மூன்று நாள் தங்குகிறவர் “நாளைக்குக் குளிக்கலாம்” என்று திரும்பிப் போய்விடுவார். நமக்கு நாளை கிடையாது. இருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் குளித்து, படம் பிடித்து, சோளம் தின்று, வண்டி ஏற வேண்டும். அந்த அவசரத்தில்தான் சிவப்புக் கொடியைத் தாண்டுகிறோம்.

சரி, எதைப் பார்த்தால் பின்வாங்க வேண்டும்?

பாறை நனைந்திருக்கிறதா, பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மேலே உச்சிவரை ஈரமாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அலை அங்கே வந்து போயிருக்கிறது. திரும்பவும் வரும். தொலைவிலிருந்து வரும் அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது. அடுத்து நாலைந்து பெரிய அலை வரிசையாக வரும். அந்தப் பத்து நிமிட அமைதியை நம்பித்தான் ஏறுகிறோம்.

இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாக இருக்கிறதா? தண்ணீர் அங்கே கலங்கி, மண் நிறமாக, நுரை கடலை நோக்கிப் போகிறதா? அதுதான் இழுப்பு! கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிக் கடலுக்குள் ஓடும் பாதை அது. பார்க்க அமைதியாக இருப்பதால் பிள்ளைகளை அங்கேதான் இறக்குகிறோம். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவரையும் அது வாரிக்கொண்டு போகும்.

உள்ளூர்க்காரர் ஒருவர்கூடத் தண்ணீரில் இல்லையா? நீங்களும் இறங்காதீர்கள். மீனவர்கள் வள்ளத்தை மேலே, மேலே இழுத்துப் போடுகிறார்களா? வண்டியைத் திருப்புங்கள். கரை படிப்படியாகச் சரியாமல் சட்டென்று பள்ளமாக இறங்குகிறதா? இறங்காதீர்கள். பூவாறு கடற்கரையில் அப்படிப் பார்க்கலாம். ஓரடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் கழுத்து. கேரளா வந்தாயிற்று என்று மதியமே குடித்துவிட்டு வரும் ஆண்கள் கூட்டத்துக்கு ஒன்றே ஒன்று: கடல் பக்கமே வராதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கோவளத்தில் குளிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்காதீர்கள். போங்கள், கட்டாயம் போங்கள். விழிஞ்ஞம் எவ்வளவு பழைய துறைமுகம் தெரியுமா? ஆய் மன்னர்களின் கோட்டை இருந்த ஊர். பாண்டியரும் சோழரும் குறிவைத்துப் படையெடுத்த ஊர். ஊருக்குள்ளேயே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு குடைவரைக் கோயில் இருக்கிறது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிற்பி பாதியில் விட்டுப்போன சிவனும் பார்வதியும், உளிபட்ட தடத்தோடு அப்படியே நிற்கிறார்கள். அதற்கு எதிரே கால்மணி நேரம் நில்லுங்கள். 1972-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறினால் கோவளத்து வளைவு முழுவதும் கண்ணுக்குள் வரும். போட்டோ வேண்டுமா? அங்கிருந்து எடுங்கள். பாறையிலிருந்து வேண்டாம்.

இப்போது அந்த ஊருக்கு இன்னொரு மவுசும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் புதிய துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கப்பல் பார்க்க வேண்டும் என்று கூட்டம் போகிறது. பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் மீன்பிடித் துறைமுகத்தின் தூண்டில் வளைவுக் கற்கள் மேல் ஏறி நடக்கிறார்களே, அதைத்தான் நினைக்கவே பயமாக இருக்கிறது. பெரிய பெரிய கற்கள், இடையிடையே ஆள் விழும் அளவு சந்து, மேலே பாசி. விழுந்தால் அலை உங்களைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செருகிவிடும். கயிறு போட்டும் இழுக்க முடியாது. கப்பலை ரோட்டிலிருந்து பாருங்கள், போதும்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுக்காதீர்கள்! பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 2025 மே 25 அன்று மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர். 13-ல் ஆபத்தான சரக்கு, 12-ல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும் பொருள் அது. கன்டெய்னர்கள் கேரளக் கரையில் ஒதுங்கின. வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை வந்து கொட்டின. ஜவ்வரிசி மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் அள்ளி வாயில் போடும். தெரியாத டப்பா, டிரம், மணி, எது கிடந்தாலும் தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

வடக்கே போகிறவர்கள் அஞ்சுதெங்குக்கும் போவீர்கள். ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. 1721-ல் ஆற்றிங்கலில் கம்பெனிக்காரர்களை எதிர்த்து எழுந்த கலவரத்தின் கதையும் அந்தக் கோட்டையோடு சேர்ந்தது. கோட்டையைப் பாருங்கள். வழியில் முதலப்பொழி முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களின் படகுகளே அங்கே கவிழ்ந்து எத்தனையோ உயிர் போயிருக்கிறது. நாம் எம்மாத்திரம்? வர்க்கலையில் 2024 மார்ச் 9 அன்று பெரிய அலை அடித்து, டிக்கெட் வாங்கி ஏறும் மிதக்கும் பாலத்திலிருந்து பலர் கடலில் விழுந்து காயப்பட்டார்கள். டிக்கெட் வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சுதெங்குக்குப் பக்கத்திலேயே காயிக்கரை. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1873-ல் பிறந்த ஊர். அவர் எப்படி இறந்தார் தெரியுமா? 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில், ரிடீமர் என்ற படகு அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. நூறு வருஷம் ஆகியும் பாடம் படித்தோமா? 2023 மே 7 அன்று மலப்புரம் தானூரில் இருட்டும் நேரத்தில், அளவுக்கு மீறிய கூட்டத்தோடு கிளம்பிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். பலர் சின்னஞ்சிறு பிள்ளைகள்.

பூவாற்றுக்குப் போனால் படகுக்காரர்கள் காரை மறித்தே கூப்பிடுவார்கள். பேரம் பேசுமுன் லைஃப் ஜாக்கெட்டைக் கேளுங்கள். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பிள்ளை அளவில் இல்லையா? ஏறாதீர்கள். “ஒண்ணும் ஆகாது சேச்சி, அரை மணி நேரம்தானே” என்பார்கள். ஏறாதீர்கள். சூரியன் சாய்ந்த பிறகு எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஏறாதீர்கள். ஆற்றுமுகத்தில், மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிட்ட இடத்தில், மணல்திட்டில் இறக்கிவிட்டால் தண்ணீர்ப் பக்கம் போகாமல் நடுவில் நில்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பில் மாட்டிக்கொண்டால்?

கரையை நோக்கி நீந்தாதீர்கள். இழுப்போடு மல்லுக்கட்டினால் இரண்டே நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து நிதானமாக மூச்சு வாங்குங்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் போங்கள். இழுப்பு அகலம் குறைவுதான், அதைத் தாண்டியதும் அலையே கரைப்பக்கம் தள்ளும். கையை உயர்த்திக் காட்டுங்கள்.

கரையில் நிற்பவர் குதிக்காதீர்கள். அந்தத் தாய்மாமன் செய்தது பாசம், ஆனால் அப்படித்தான் ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போகிறது. மூடிய காலி தண்ணீர் கேன், பந்து, காரின் ஸ்டெப்னி டயர், துப்பட்டா முடிச்சு, எது மிதக்குமோ எது எட்டுமோ அதை வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். மாட்டிக்கொண்டவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஒருவர் கை நீட்டிக்கொண்டே நில்லுங்கள். அலைக்குள் தலை ஒருமுறை மறைந்தால் மீட்க வருகிறவருக்கு இடமே தெரியாது. இன்னொருவர் உடனே 112-க்கு அடியுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், இந்தக் கரையில் தமிழ் புரியும். எந்தக் கடற்கரை, பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளிவாசல், எத்தனை பேர் தண்ணீரில் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு எண்ணையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். காரில் வரும் எல்லார் போனிலும். தண்ணீரில் விழுகிறவர் சட்டைப் பையில் இருக்கும் போன் யாருக்கும் உதவாது.