நட்சத்திரமா, நிர்வாகமா?

"கெட்ட நேரம்", "தலைவிதி", "சனி பிடித்தது" என்றெல்லாம் நாம்தான் பேசுகிறோம், ஆங்கிலேயர் அப்படிப் பேசுவதில்லை என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் மொழியைப் பிரித்துப் பார்த்தால், தோழர்களே, அங்கேயும் ஒரு பஞ்சாங்கம் கிடக்கிறது!

'டிசாஸ்டர்' என்றால் பேரழிவு. இத்தாலி மொழி வழியாக வந்த இச்சொல்லின் உள்ளே இருப்பது 'ஆஸ்ட்ரோ' — அதாவது நட்சத்திரம். கெட்ட நட்சத்திரத்தால் வந்த கேடாம்! 'டிஸ்மல்' என்றால் இன்று சோர்வூட்டுவது என்று பொருள். இலத்தீன் மூலத்திலோ 'கெட்ட நாட்கள்'. மாதத்துக்கு இரண்டு நாள் ஆகாத நாள் என்று இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகள் குறித்து வைத்திருந்தன. நம் இராகு காலத்துக்குச் சீமையிலே ஒரு தம்பி!

இச்சொற்களுக்குள் படிநிலையும் உண்டு. பந்தயத்தில் தோற்றவனுக்கு 'பேட் லக்' என்பது ஆறுதல். தட்டுத் தவறி விழுந்து உடைந்தால் 'மிஸ்ஹாப்'. குடும்பத்தை உலுக்கும் துயரம் 'மிஸ்ஃபார்ச்சூன்'. விடாமல் தொற்றித் திரியும் பீடை 'ஜின்க்ஸ்'; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் பரவிய சொல் அது.

ஆட்டத்தில் தோற்றவன் அதிர்ஷ்டத்தை நோகட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் பிணத்தின் மீது அந்தச் சொல்லைப் போர்த்தும்போது நாம் வாய்மூடி இருக்கலாமா?

வேல்ஸ் நாட்டிலே அபர்ஃபான் என்ற சுரங்க ஊர். 1966 அக்டோபர் 21. மலைமேல் குவித்திருந்த நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து, கீழே இருந்த பள்ளியையும் வீடுகளையும் மூடியது. மாண்டவர் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள்! உலகம் அதை 'டிசாஸ்டர்' என்றது. நிலக்கரி வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபுவோ, குன்றின் அடியில் இருந்த ஊற்று முன்பு அறியப்படாதது என்றார். இயற்கையின் மீது பழி!

விசாரணை மன்றம் தோண்டித் துருவியது. ஊற்று நிலப்படத்திலேயே இருந்தது. அதன் மேலேதான் 1958 முதல் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிக்கு ஆபத்து என்று 1963-லேயே உள்ளூர் அதிகாரிகள் கடிதம் எழுதியிருந்தார்கள். பழி நிலக்கரி வாரியத்தையே சாரும் என்று 1967-இல் அறிக்கை வந்தது. ஆனால் ஒருவர் மீதும் வழக்கில்லை. ஒருவர் வேலையும் போகவில்லை. 1969-இல்தான் கழிவுக் குன்றுகளுக்கென்று சட்டம் பிறந்தது.

குன்றைக் குவித்தது நட்சத்திரமா? கடிதத்தைக் கவனியாமல் விட்டது சனியா?

மருத்துவர்களுக்கே இது உறைத்தது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டி அறியக்கூடியவை, தடுக்கக்கூடியவை; ஆகவே 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லை இனி எம் ஏட்டில் ஆளமாட்டோம் என்று 2001-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அறிவித்தது.

எந்த மொழியில் சொன்னாலும் விதி என்பது குற்றவாளிக்கு நல்ல வக்கீல். கூலி கேட்காமல் வாதாடும்! ஆகவே நாளை ஓர் ஆலையில் ஒருவன் கை நசுங்கி, "அவன் நேரம்" என்று யாரேனும் பெருமூச்சு விட்டால், நாம் கேட்க வேண்டியவை மூன்று: எந்திரத்துக்குக் காப்பு இருந்ததா? எச்சரித்தவர் உண்டா? எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவர் யார்?

விடை வானத்தில் இல்லை, தோழர்களே. அலுவலகக் கோப்பில் இருக்கும்!