திறன்பேசி மின்கலத்தின் மூப்பும் அதனை அறியும் முறையும்

திறன்பேசியின் முகப்பில் மின்கலத்தின் நிலையைக் காட்டும் எண் ஒன்று உண்டு. காலையில் 100 என நிற்கும் அவ்வெண் மாலையில் 20 எனக் குறைகிறது. மின்னேற்றினால் மீண்டும் 100 ஆகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் பழகிய பேசியிலும் அது 100 என்றே காட்டுவதால், மின்கலம் வாங்கிய நாளில் இருந்தவாறே இருக்கிறது என்று கொள்வோர் பலர். ஆயின் அதே பேசி நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுகிறது; சில வேளைகளில் 30 விழுக்காடு எஞ்சியிருக்கும்போதே திடீரென அணைந்துபோகிறது. அப்பொழுது, பேசியே கெட்டுவிட்டது, புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு வருகின்றனர். முதலில் கொண்ட எண்ணம் பிழை. பின்னர்க் கொண்ட முடிவும் பெரும்பாலும் பிழையே.

ஊர்க்குளம் ஒன்று ஆண்டுதோறும் தூர்ந்து வருகிறது எனக் கொள்வோம். மழை பெய்து ஓய்ந்தபின் நீர் கரை தளும்ப நிற்கிறது. காண்பவர் கண்ணுக்குக் குளம் நிறைந்தே தோன்றும். ஆயினும் அடியில் வண்டல் படிந்த அளவுக்கு நீர் குறைவாகவே இருக்கும். கோடையில் முன்னினும் விரைவில் வற்றும். திறன்பேசியின் முகப்பில் உள்ள எண், நீர் கரையைத் தொட்டு நிற்கிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. குளத்தின் ஆழத்தைச் சொல்லும் அளவு வேறு. அவ்வளவையே மின்கல நலம் என்பர். குளத்துக்கும் மின்கலத்துக்கும் வேறுபாடும் ஒன்று உண்டு. குளத்தைத் தூர் வாரலாம். மின்கலத்தைத் தூர் வார இயலாது. அதனை மாற்றவே இயலும்.

சொல்லும் பொருளும்

'பேட்டரி' என்னும் ஆங்கிலச் சொல் பீரங்கிகளின் வரிசையைக் குறித்து வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்ளின், மின்னைச் சேர்த்து வைக்கும் லெய்டன் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, அத்தொகுதிக்கு இப்பெயரை இட்டார். எனவே அது கலங்கள் பல சேர்ந்த தொகுதியின் பெயர். இன்றைய திறன்பேசிகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பது ஒரே கலம். ஆதலின் 'மின்கலம்' என்னும் தமிழ்ச்சொல் பொருளுக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது.

இங்கு வேறுபடுத்தி அறிய வேண்டிய சொற்கள் மூன்று. 'மின்னேற்றம்' என்பது இப்பொழுது கலத்தில் உள்ள மின்னின் அளவு. 'கொள்ளளவு' என்பது கலம் முழுதும் நிறைந்தால் எவ்வளவு கொள்ளும் என்பது. இதனை மில்லி ஆம்பியர் மணி என்னும் அலகால் குறிப்பர். 'சுற்று' என்பது மொத்தம் 100 விழுக்காட்டு மின் செலவாவது. ஒரே மூச்சில் செலவாக வேண்டும் என்பதில்லை. இன்று 60 விழுக்காடும் நாளை 40 விழுக்காடும் செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று ஆகும். நாளுக்கு மூன்று முறை மின்னேற்றினால் மூன்று சுற்று கழிந்துவிடும் என அஞ்சுவோர் இதனைக் கருதுக.

மூப்பு எய்தும் வகை

திறன்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதனை முதன்முதலில் 1991இல் விற்பனைக்குக் கொணர்ந்தது ஜப்பானின் சோனி நிறுவனம். இக்கலத்தை உருவாக்கிய பணிக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பொழுது குட்இனஃபுக்கு அகவை 97.

இக்கலத்தில் இரு முனைகள் உள. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டுக் கரியால் ஆன எதிர்முனைக்குட் புகுகின்றன. பேசியைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. முதன்முறை மின்னேற்றும்போதே எதிர்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அஃது இல்லையேல் கலம் நீடித்து உழைக்காது. அந்த அளவில் அது காவலே. ஆனால் படலம் அத்துடன் நில்லாது சிறிது சிறிதாகத் தடிக்கிறது. தடிக்குந்தோறும் லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. சிறைப்பட்ட அயனிகள் மீண்டும் போக்குவரவு செய்வதில்லை. கொள்ளளவு குறைவதற்கு இது தலையாய காரணம்.

இம்மூப்பு உழைப்பினாலும் வரும், காலத்தினாலும் வரும். எனவே பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த பேசியின் மின்கலமும் மூப்பெய்தவே செய்யும்.

மூப்பின் இரண்டாவது விளைவு உள்தடை மிகுதல். கலத்தினுள் மின்னோட்டத்துக்கு எழும் எதிர்ப்பே உள்தடை. பேசியின் ஒளிப்படக் கருவியைத் திறக்கும்போதோ, நிலப்படம் பார்க்கும்போதோ ஒரு கணம் மிகுந்த மின்னோட்டம் தேவைப்படும். அக்கணத்தில் உள்தடைக்கேற்ப மின்னழுத்தம் தாழும். எடுத்துக்காட்டாக, 3.6 வோல்ட் அழுத்தமுள்ள கலத்திலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கப்படுகிறது எனக் கொள்க. உள்தடை 0.1 ஓம் ஆயின் அழுத்தம் 3.4 வோல்ட்டுக்கு இறங்கும். பேசி தொடர்ந்து இயங்கும். உள்தடை 0.3 ஓம் ஆயின் 3 வோல்ட்டுக்கு இறங்கும். அந்நிலையில் பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடலாம். கலத்தில் மின் இருந்தும் பேசி திடீரென அணைவதன் மருமம் இதுவே.

2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி

மின்கலத்தின் மூப்பு பேசியின் மூப்பாகத் தோன்றும் என்பதற்கு ஐபோன் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஐபோன் 6, 6எஸ் முதலிய பேசிகள் திடீரென அணைவதைத் தடுக்க, ஆப்பிள் நிறுவனம் 2017இன் தொடக்கத்தில் தன் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தது. மின்கலம் தளர்ந்த பேசிகளில், மிகுந்த மின் வேண்டும் வேளைகளில் இயக்க வேகம் குறைக்கப்பட்டது. பேசி அணைவது குறைந்தது. ஆனால் வேகம் ஏன் தளர்ந்தது என்பது பயன்படுத்துவோருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில், பழைய மின்கலத்தை மாற்றியபின் தம் பேசி மீண்டும் விரைவாக இயங்குவதை ஒருவர் கண்டு வெளியிட்டார். வேக அளவை மென்பொருள் செய்யும் பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் ஜான் பூல், பல பேசிகளின் அளவுகளைத் தொகுத்து அவ்வுண்மையைக் காட்டினார். ஆப்பிள் நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டு, அம்மாதமே மன்னிப்பும் கேட்டது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க வெள்ளியிலிருந்து 29 வெள்ளியாக 2018ஆம் ஆண்டு முழுவதும் குறைத்தது. 2018 மார்ச்சில் வெளிவந்த ஐஓஎஸ் 11.3 பதிப்பில் மின்கல நலத்தைக் காட்டும் பகுதியும் சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் பிரான்சு நாட்டு அதிகாரிகள் இச்செய்தியில் அந்நிறுவனத்துக்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தனர்.

பேசி தளர்ந்தது என்று கருதிப் புதியது வாங்கியவர்களுள் எத்தனையோ பேருக்கு, மின்கலத்தை மாற்றியிருந்தாலே போதும். மின்கல நலத்தை அறிந்துகொள்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

அளந்தறியும் வழிகள்

ஐபோனில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'பேட்டரி', அதனுள் 'பேட்டரி ஹெல்த்' எனச் செல்ல வேண்டும். அங்கே 'மேக்சிமம் கெப்பாசிட்டி' என்று காட்டப்படும் விழுக்காடே இன்றைய கொள்ளளவு. புதிய கலத்தின் கொள்ளளவை 100 எனக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. ஐபோன் 15 வரிசை தொடங்கிக் கழிந்த சுற்றுகளின் எண்ணிக்கையும் காட்டப்படுகிறது. தக்க நிலைமைகளில் பயன்படுத்தினால் ஐபோன் 14 வரையுள்ள பேசிகளின் மின்கலம் 500 சுற்றுக்குப் பின்னும், ஐபோன் 15 வரிசையின் மின்கலம் 1000 சுற்றுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைக் காக்கும்படி அமைக்கப்பட்டவை என்பது அந்நிறுவனத்தின் கூற்று.

ஆண்ட்ராய்டு பேசிகளில் வழி ஒன்றன்று. செய்த நிறுவனத்துக்கு ஏற்ப வேறுபடும். கூகுள் பிக்சல் 8ஏ முதலான புதிய வகைகளில் 'செட்டிங்ஸ்', 'பேட்டரி' என்பவற்றின் உள்ளே நலம் காட்டப்படும். சாம்சங் பேசிகள் பலவற்றில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியின் 'டயக்னாஸ்டிக்ஸ்' பகுதியில் மின்கலச் சோதனை உண்டு. ஒப்போ, ஒன்பிளஸ் பேசிகளின் சில வகைகளிலும் மின்கலப் பகுதியில் இவ்வெண்ணைக் காணலாம்.

இத்தகைய வசதி இல்லாத பழைய பேசிக்கும் வழி உண்டு. 'அக்குபேட்டரி' போன்ற செயலி, மின்னேற்றும்போது கலத்துள் செல்லும் மின்னை மில்லி ஆம்பியர் மணியில் கணக்கிட்டுக் காட்டும். 4000 மில்லி ஆம்பியர் மணி என விற்ற பேசியை 20இலிருந்து 80 விழுக்காடு வரை மின்னேற்றியபோது 1800 உட்சென்றது எனக் கொள்க. ஏறியது 60 விழுக்காடு. 60க்கு 1800 எனின் 100க்கு 3000. ஆகவே இன்றைய கொள்ளளவு 4000த்தில் 3000. அதாவது 75 விழுக்காடு. ஒருமுறை அளந்ததைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. ஐந்தாறு முறை அளந்து சராசரி காண்பதே முறை.

எண்ணும் அறிகுறியும்

எம்முறையால் பெற்ற எண்ணாயினும் அது மதிப்பீடே. மூடிய கலத்தினுள் எஞ்சியுள்ள லித்தியத்தைப் பேசி நேரே எண்ணிப் பார்ப்பதில்லை. சென்று வரும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கொண்டு உய்த்துணர்கிறது. ஆகவே 88 என்ற எண் அடுத்த திங்களும் 88 என்றே நிற்பதும், ஒரே வாரத்தில் 86 ஆவதும் வியப்புக்குரியன அல்ல. மின்கலத்தை முற்றிலும் வற்றவிட்டு மீண்டும் நிறைத்தால் நலம் திரும்பும் என்பது தவறு. அவ்வாறு செய்தால் அளக்கும் கணக்கு திருந்தலாம். இழந்த கொள்ளளவு மீளாது.

எனவே எண்ணோடு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் 80க்கு மேல் இருந்து, பேசி அணையாமல் நாள் முழுதும் உழைக்குமாயின் கவலைக்கு இடமில்லை. எண் 80க்குக் கீழ் இருந்து, பேசியும் இடையே அணையுமாயின் மின்கலத்தை மாற்றும் காலம் வந்தது எனலாம். எண் நன்றாக இருந்தும் மின் விரைந்து குறையுமாயின், குற்றம் கலத்தில் இல்லாமலும் இருக்கலாம். 'பேட்டரி' பகுதியில் எந்தச் செயலி எவ்வளவு மின்னை உண்கிறது என்ற பட்டியல் இருக்கும். முதலில் அதனைக் காண வேண்டும்.

வாங்கும்போதும் இந்த அளவு கருதப்படும் காலம் வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம், 800 சுற்றுக்குப் பின்னும் குறைந்தது 80 விழுக்காட்டுக் கொள்ளளவைக் காக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

வெப்பமும் வீக்கமும்

மூப்பை விரைவுபடுத்துவனவற்றுள் முதன்மையானது வெப்பம். பேசியை 35 செல்சியசு பாகைக்கு மேற்பட்ட இடத்தில் வைத்தலாகாது என ஆப்பிள் நிறுவனம் எச்சரிக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நண்பகல் நிழலிலேயே 31 முதல் 33 பாகை வரை வெப்பம் இருப்பது வழக்கம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமும், வழிகாட்டுவதற்காகப் பேசியைப் பொருத்திய மோட்டார் சைக்கிளின் முன்புறமும் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவதும் அத்தகையதே. வெப்பத்துக்கு அடுத்தது, கலம் எப்பொழுதும் 100 விழுக்காட்டில் நிற்பது. 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் ஏற்பாடு புதிய பேசிகள் பலவற்றில் உண்டு. நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்கும் பேசியைப் பாதி மின்னேற்றத்துடன் அணைத்து வைத்தல் நன்று.

எந்த எண்ணையும் பாராமல் உடனே செயற்பட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. அது வீக்கம். கலத்தினுள் வளி சேர்வதால் அது உப்பும். சமதளமான மேசைமேல் வைத்தால் பேசி ஆடும். திரையின் ஓரம் மேலெழும்பும். அத்தகைய பேசியை மின்னேற்றலாகாது. அழுத்தியோ குத்தியோ பார்த்தலும் ஆகாது. லித்தியம் கலம் தீப்பற்றினால் அதனை அடக்குவது எளிதன்று. அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்போரை நாடுவதே தக்கது. கழித்த மின்கலத்தை வீட்டுக் குப்பையில் இடுதல் கூடாது. சிங்கப்பூரில் மின்கழிவுகளைத் தனியே திரட்டும் முறை 2021 ஜூலை 1 முதல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. மலேசியாவிலும் மின்கழிவைத் தனியே பெற்றுக்கொள்ளும் நிலையங்கள் உள்ளன.

கைமாறும் பேசி

பழைய திறன்பேசி பெரும்பாலும் வீட்டிலேயே கைமாறுகிறது. மகன் புதியது வாங்கினால் பழையது தாய்க்கோ தந்தைக்கோ போகிறது. இல்லையேல் பள்ளி செல்லும் பிள்ளைக்குப் போகிறது. மருத்துவமனைக்கோ கடைத்தெருவுக்கோ தனியே சென்ற முதியவர், உடல் தளர்ந்த வேளையில் வீட்டை அழைக்க நம்பியிருப்பது அந்தப் பேசியைத்தான். திரையில் 30 என்று கண்டு, மின் இருக்கிறது எனத் துணிந்து அவர் அழைக்கத் தொடங்கும் கணத்தில் அது அணைந்துபோகலாம். கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்தார். மின்கலத்தின் நிலையை மட்டும் பார்க்கவில்லை.

அதனைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மின்கலத்தை மாற்றும் செலவும் பெரும்பாலும் புதிய பேசியின் விலையில் சிறு பங்கே. ஆதலால் பழைய பேசியை மற்றவருக்குக் கொடுக்குமுன் உறையையும் கண்ணாடியையும் துடைப்பதோடு நில்லாமல், கொள்ளளவு எத்தனை விழுக்காடு என்பதையும் கண்டறிந்து, குறைந்திருப்பின் மின்கலத்தை மாற்றிக் கொடுத்தலே முறையாகும்.